சின்னூட்டு வகையறா: பதினேழரை

ஆக. 18, திங்கள்

மூட்டம். மழை வரும் என்று கொடியில் கிடந்த துணியை எடுத்து வைத்தேன். வரவில்லை. சித்தேரி மலை காலையிலிருந்து கண்ணில் படவில்லை.

செய்ய வேண்டியவை: கேஸ் சிலிண்டர் பதிவு. இரண்டாமாண்டு புள்ளியியல் தாள் திருத்துவது. செருப்பு வார். பெரியண்ணன் தலையில் கட்டிய வேலை.

நான்காவதுதான் இன்றைய கசப்பு. தை மாதம் குலசாமி கோயில் கும்பாபிஷேகம். வருகிற ஞாயிறு பங்காளிகள் கூட்டம். பெங்களூர்க்காரர்கள், கோவைக்காரர்கள் எல்லாம் வருகிறார்களாம். அவர்களுக்கு வாயால் சொன்னால் ஆகாதாம், திரையில் காட்ட வேண்டுமாம். எந்த வகையறாவில் எத்தனை தலைக்கட்டு, கோயில் வேலை எதுவரை வந்திருக்கிறது, யார் யார் என்ன பொறுப்பு. படம், கோடு, கட்டம் எல்லாம் வைத்து.

பெரியண்ணன் போனில்: "ஏன்டா தம்பி, நம்மூட்ல எம்.ஃபில். படிச்சவன் நீ ஒருத்தன்தான். காலேஜ் உட்டா வூடு, வூடு உட்டா காலேஜ். சும்மாதான கெடக்கற. நீயே பண்ணிரு."

சும்மாதான கெடக்கற. இருபது வருஷமாக எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர்.

உண்மையில் எனக்கு ஸ்லைடு போடத் தெரியாது. பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தது சாக்பீஸில். வரைபடத்தாளில், கூர் சீவிய பென்சிலில். தூண்களுக்கு நடுவே இடைவெளி விடு, அளவுகோலைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கு என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். கணினியில் கோடு போடுவது அந்தப் புதுத் துறைத் தலைவரின் வித்தை. எனக்கு ஒன்பது வருஷம் இளையவர். முனைவர். அந்த நாற்காலி எனக்கு வரும் என்று நான் காத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். ஜூனில் அவர் உட்கார்ந்துவிட்டார். பேசுவதற்கு ஒன்றுமில்லை.

அண்ணன் பையன் பென் டிரைவ் கொண்டுவந்து கொடுத்தான். திறந்தால் தலைக்கட்டுப் பட்டியல் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். ஒரு பங்காளி பெயர்கூடத் தமிழில் இல்லை.

அமுதாவிடம் கேட்கலாம். அவள் வேலை பார்க்கும் ஓசூர் கம்பெனியில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் காட்டும் ஸ்லைடு எல்லாம் அவள் கைவேலைதான். மூன்று வருஷமாக அவள் அங்கே, நான் இங்கே. சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. வேலை கிடைத்தது, போனாள். நீங்களும் வாங்க என்றாள். துறைத் தலைவர் பதவி வரப்போகிறது, நீ வா என்றேன். அவ்வளவுதான் நடந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் யாராவது ஒருவர் பஸ் ஏறுகிறோம். பிள்ளைகள் இல்லை. இருந்தால் யாராவது ஒரு பக்கம் இழுத்திருக்கும்.

எண்ணைத் தேடி எடுத்தேன். அழைக்கவில்லை. ஃபாண்டு தெரியவில்லை என்று கேட்கவா ஒரு மனுஷன் பெண்டாட்டிக்குப் போன் போடுவான்.

ஆக. 19, செவ்வாய்

வெயில். காலை இரண்டு வகுப்பு. து.த., அதாவது துறைத் தலைவர், வராந்தாவில் பார்த்து, "என்ன சார், டல்லா இருக்கீங்க?" என்றார். இல்லீங்க என்றேன். இளையவனை "ங்க" போட்டுப் பேசுவதும் ஒரு உடற்பயிற்சிதான்.

மாலை பென் டிரைவோடு நோட்டீஸ் கடைக்கு. பாய் கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்குப் பிள்ளையாரை நடுவில் நிறுத்திக்கொண்டிருந்தார். பட்டியலைப் பார்த்ததுமே சிரித்தார்.

"சார், இது நம்ம கடைல அடிச்சதுதான். பழைய ஃபாண்டு. எங்க மிசின்ல மட்டும்தான் தமிழாத் தெரியும். வெளிய போனா இங்கிலீஷாயிடும்."

"பெங்களூர் போன நம்மாளுங்க மாதிரி."

"அக்காங்! அவங்களாவது பொங்கலுக்கு வந்தா தமிழ் பேசுவாங்க. இது மாத்தித்தான் ஆவணும்."

மாற்றிக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து படித்தேன். மூன்று வகையறா. மேக்காட்டு முப்பத்தொன்று. பெரியூட்டு இருபத்து நான்கு. எங்கள் சின்னூட்டு பதினேழரை.

பதினேழரையா. கீழே வரிசையாகப் பெயர்கள். என் பெயருக்கு நேரே: அரை.

வழக்கம் எனக்கும் தெரியும். புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் இருந்தால் ஒரு தலைக்கட்டு, எந்த ஊரில் இருந்தாலும் சரி. விதவை, தாரம் இழந்தவன், தனித்து இருப்பவன் அரை. கும்பாபிஷேகத்தில் தீர்த்தக்குடம் முழுத் தலைக்கட்டுக்கு மட்டும்தான், தம்பதியாகத் தூக்க வேண்டும். அரைகள் பின்னால் நடந்து வரலாம்.

மேக்காட்டில் விதவைகள் இரண்டு பேர். அரையும் அரையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். அவர்களாவது ஒருவரோடு ஒருவர் கூடி முழுசானார்கள். எனக்குத் துணையாக எங்கள் வகையறாவில் இன்னொரு அரைகூட இல்லை.

அண்ணனுக்குப் போன். "என்னண்ணா இது?"

"எதுடா?"

"நான் அரையா?"

"உன் நல்லதுக்குத்தான்டா. கோயிலுக்குப் பாதி வரி கட்டுனா போதும்ல. அந்தப் புள்ள அங்க, நீ இங்க. நாளைக்கு எவனாவது எந்திரிச்சுக் கேள்வி கேட்டான்னா, நான்தான பதில் சொல்லணும்."

அந்தப் புள்ள. பத்தொன்பது வருஷம் அவர் வீட்டுப் பண்டிகைக்கெல்லாம் போய் வெங்காயம் உரித்தவளுக்குப் பெயர் இல்லை.

இதைத் திரையில் வேறு நானே காட்ட வேண்டும்.

ஆக. 20, புதன்

இரவெல்லாம் காற்று. தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. தலைவலி.

யூடியூபில் பாடம். "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், இன்னைக்கு நாம சார்ட் இன்சர்ட் பண்றது எப்பிடின்னு பாக்கப் போறோம்." மீசை முளைக்காத பையன். நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி. என் வகுப்பில் இப்படி யாராவது என்னை நிறுத்திப் பின்னுக்கு ஓட்டிக் கேட்டிருந்தால் நானும் பெரிய ஆசிரியனாகியிருப்பேன்.

கற்றது: சார்ட் என்றால் வெறும் படம் இல்லை. அதன் பின்னால் ஒரு குட்டிக் கட்டத்தாள் ஒளிந்திருக்கிறது. அதில் எண் மாறினால் இங்கே தூண் ஏறும், இறங்கும். நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். வரைபடத்தாளில் ஒரு எண் தப்பினால் ரப்பர் போட்டுத் தேய்த்துத் தாளே கிழியும்.

மூன்று வகையறாவும் அடித்தேன். மூன்று தூண் வந்தது. அழகு. வேண்டாத நிறங்களை நீக்கினேன்.

மாலை பெரியண்ணன் நேரில் வந்தார். வாசலில் செருப்பை உதறிய சத்தத்திலேயே அதிகாரம். திரையை உற்றுப் பார்த்தார்.

"மேக்காடு. பெரியூடு. சின்னூடு. சரி. நாலாவதா என்னமோ குட்டையா நிக்குதே, அது எந்த வகையறா?"

அப்போதுதான் கவனித்தேன். கட்டத்தாளில் மாதிரிக்காக அவர்களே போட்டு வைத்த வரி ஒன்று அழிபடாமல் கிடந்திருக்கிறது. "கேட்டகரி 4" என்று.

"அது ஒண்ணுமில்லண்ணா. மிசினே போட்டது."

"மிசின் போடுமா? கூட்டத்துல இதப் பாத்தா, நாங்களும் பங்காளிதான்னு எவனாவது கோயில் பங்கு கேட்டு வந்துருவான்டா. எடு மொதல்ல."

எடுத்தேன். எடுக்கும் முன் எண்ணைப் பார்த்தேன். நாலரை. இல்லாத ஊரில் இல்லாத வகையறாவிலும் எவனோ ஒருவன் தனியாக இருக்கிறான்.

போகும்போது அண்ணன்: "நல்லாத்தான் வருது. இன்னும் கொஞ்சம் கலர் போடு."

ஸ்லைடில் எழுத்து எல்லாம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தாறுமாறாக நின்றது. அமுதாவை அழைத்தேன். வேறு வழியில்லை என்பது எனக்கே சொல்லிக்கொண்ட காரணம்.

"என்னாங்க, இந்நேரத்துல?"

சொன்னேன். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"நீங்களா? ஸ்லைடா?"

"ஏன், நான் பண்ணக்கூடாதா?"

"பண்ணுங்க பண்ணுங்க. எழுத்து எதுல அடிச்சீங்க? தனியாப் பெட்டி போட்டு அடிச்சீங்களா?"

"ஆமா."

"அதான். அப்பிடிப் பண்ணாதீங்க. லேஅவுட்னு ஒண்ணு இருக்குது பாருங்க. தலைப்புக்கு ஒரு எடம், விசயத்துக்கு ஒரு எடம், சார்ட்டுக்கு ஒரு எடம், எல்லாம் அதுலயே விட்டிருக்கும். அங்க அடிச்சீங்கன்னா, நாளைக்கு லேஅவுட்ட மாத்துனாலும் எல்லாம் சேர்ந்தாப்ல நகரும். தனிப்பெட்டில அடிச்சது அங்கயே நின்னுக்கும். ஒவ்வொண்ணா இழுக்கணும்."

இவ்வளவு நீளமாக அவள் என்னிடம் பேசி எத்தனை நாள். போன மாதம் பேசியது கேஸ் சிலிண்டர், சித்தப்பா சாவு, அவள் தைராய்டு மாத்திரை. எல்லாம் ஒற்றை வரி.

தெரியாதது போல மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள் என்று விட்டேன்.

மாதிரிக்காகக் கல்லூரிக் கருத்தரங்க ஸ்லைடுகளை அவளுக்கு அனுப்பினேன். இந்த மாதிரித் தலைப்புப் பட்டை எப்படிப் போடுவது என்று. பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

ஆக. 21, வியாழன்

தூறல். காலை குளிர் மாதிரி இருந்தது. ஸ்வெட்டர் தேடினேன். பழுப்பு நிறம், முழங்கையில் அவள் தைத்த ஒட்டு. அலமாரியில் இல்லை. போன பொங்கலுக்கு ஓசூரில் விட்டு வந்தது நினைவு வந்தது. அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். இல்லை, எடுத்து மடித்து வைத்திருப்பாள். இல்லை, அவளே போட்டுக்கொண்டிருப்பாள். இந்த மூன்றில் எதுவென்று யோசித்தே எட்டரை பஸ்ஸைத் தவறவிட்டேன்.

வகுப்பில் முழுமையாக்கல் பாடம். புள்ளிக்குப் பின் ஐந்து வந்தால் மேலே ஏற்று. முன் பெஞ்சுப் பெண் கேட்டாள்: "சார், ஏன் மேலதான் ஏத்தணும்? கீழ எறக்குனா என்ன?" வழக்கம் என்றேன். இதைவிட நல்ல பதில் இருக்கிறது. இன்று வாயில் வரவில்லை.

வீட்டில் சார்ட்டைத் திறந்தேன். தூண் தலையில் எண் காட்டுவது எப்படி என்று பையன் சொல்லியிருந்தான். போட்டேன். 31.0, 24.0, 17.5. அசிங்கம். தலைக்கட்டுக்கு எதற்குப் புள்ளி. எண் வடிவம் என்று ஒரு இடம், அதில் தசம இடம் பூஜ்யம் என்று தந்தேன்.

31. 24. 18.

பதினெட்டு.

நான் ஒன்றும் செய்யவில்லை. அதுவே ஏற்றிக்கொண்டது. அண்ணன், கோயில் கமிட்டி, மூன்று வகையறாவும் கூடிச் செய்ய முடியாததை ஒரு மிஷின் கண் சிமிட்டும் நேரத்தில் செய்துவிட்டது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானும் அவளும் குடம் தூக்கிப் போகிறோம். அவள் தலைக்குக் குளித்த ஈரம், மஞ்சள் சேலை, மேளம். முன்னால் போகிறோம், அண்ணி பின்னால் வருகிறாள். அற்ப ஆசைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு தூணைப் பார்த்தேன். பதினெட்டுக்கான கோட்டைத் தொடாமல் கீழேயே நின்றது. தலையில் எழுதினது மாறினதே தவிர, உயரம் மாறவில்லை. பின்னாலிருக்கும் கட்டத்தாளில் அதே பதினேழரை.

இதைத்தான் பிள்ளைகளிடம் ஏமாற்று வேலை என்று சொல்லிக்கொடுக்கிறேன். தசமத்தைத் திரும்பப் போட்டேன். இருக்கட்டும். பார்க்கட்டும்.

இரவுச் சாப்பாடு: காலை மிச்ச உப்புமா.

ஆக. 22, வெள்ளி

மழை, நாள் முழுக்க. கரண்ட் இரண்டு முறை போனது.

அமுதாவே கூப்பிட்டாள், ஐந்தரை வாக்கில், ஆபீஸ் முடிந்து.

"சொல்லிச் சொல்லி ஆவாதுங்க. ஒரு ஆப் அனுப்பறேன், போடுங்க. நான் இங்கிருந்தே உங்க லேப்டாப்பப் பாத்துச் செஞ்சிடறேன்."

போட்டேன். ஒரு எண் கேட்டது, சொன்னேன். அனுமதிக்கலாமா என்று கேட்டது. அனுமதித்தேன்.

"இப்பக் கைய எடுத்துருங்க. நீங்க எதையும் தொடாதீங்க."

எடுத்தேன். அம்பு தானாக அசைந்தது.

இதை எப்படி எழுதுவது. என் மேஜை, என் லேப்டாப், எதிரே நான். அம்பு மெல்ல நகர்ந்து போய் ஒரு எழுத்தைத் தொட்டு, யோசித்து, திரும்பி வந்தது. அவள் யோசிக்கும்போது இப்படித்தான். சமையல்கட்டில் டப்பாவை எடுக்கப் போய், பாதியில் நின்று, வேறு டப்பாவுக்கு மாறுவாள். அதே கை. வெகு நாள் கழித்து இந்த வீட்டில் அந்தக் கை அசைந்தது.

"என்னாங்க டெஸ்க்டாப்ல இவ்ளோ குப்பை?"

"பெருக்க ஆளில்ல."

"ம்க்கும்."

என் தனிப்பெட்டிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். எழுத்தை லேஅவுட்டின் இடத்தில் போட்டாள். தலைப்புகள் எல்லா ஸ்லைடிலும் ஒரே கோட்டில் வந்து நின்றன. இரண்டு பத்தி லேஅவுட்டில் இடப்பக்கம் கோயில் படம், வலப்பக்கம் வேலைக் கணக்கு. அண்ணன் கேட்ட கலரை எல்லாம் எடுத்துவிட்டு இரண்டே நிறம் வைத்தாள். அவளுக்கு எப்போதுமே இரண்டு நிறம் போதும். சேலையிலும்.

வேலை செய்துகொண்டே, மெதுவாக: "அந்த செமினார் ஃபைல் அனுப்பினீங்கல்ல, பார்த்தேன்."

"தலைப்புப் பட்டை எப்பிடிப் போட்டிருக்காங்க?"

"மொதப் பக்கம் பார்த்தேன். துறைத் தலைவர்னு வேற யாரோ பேரு போட்டிருந்துச்சு."

அனுப்பும்போது அந்தப் பக்கம் நினைவிலேயே இல்லை. ஜூனிலிருந்து அவளிடம் மறைத்து வைத்ததை நானே அஞ்சல் போட்டிருக்கிறேன்.

"சொல்லியிருக்கலாம்," என்றாள். அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சுலபமாக முடிந்திருக்கும்.

கடைசி ஸ்லைடு, தூண்கள். தலைப்பைச் சரிசெய்தாள். அம்பு தூண்களின் மேல் போனது. மேக்காடு, பெரியூடு, சின்னூடு. சின்னூட்டின் தலையில் போய் நின்றது. நகரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"இந்த அரை யாருங்க?"

மேஜையில் கிடந்த தாள்களை அடுக்கினேன்.

"நீங்களா?"

"ஆமா. அண்ணன் எழுதினது."

அம்பு அங்கேயே. மழை நீர் தகரத்தில் சொட்டுகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"அப்ப இன்னொரு அரை எங்க போச்சு? அத எந்த வகையறாவுல எழுதியிருக்காங்க?"

ஒரு எண்ணிலிருந்து அரையைக் கழித்தால் அது எங்கேயாவது இருந்தாக வேண்டும். இருபத்திமூன்று வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. என் அரையைப் பற்றியே நாலு நாளாகப் புலம்பினேன்.

"சரி, மீதிய நாளைக்கு முடிச்சு அனுப்பிடறேன்," என்றாள். அம்பு ஓரத்துக்குப் போனது. திரையில் "இணைப்பு முடிந்தது".

மவுஸ் மேல் கையை வைக்க மனம் வரவில்லை.

ஆக. 23, சனி

வெளிச்சம். மலை தெளிவாகத் தெரிந்தது, ஒவ்வொரு மடிப்பும்.

காலை முழுக்க வீடு பெருக்கினேன். அவள் டிபன் கேரியர் பரண்மேல், தூசி. கழுவிக் கவிழ்த்தேன். ஏன் என்று தெரியாது.

மண்டபத்தில் புரொஜெக்டர் ஒத்திகை. வாடகைக்குக் கொடுத்தவர் வயரை மறந்துவிட்டுச் சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்கப் போனார். சுவரில் என் லேப்டாப் பெரிதாகத் தெரிந்தது. வெள்ளையடித்த சுவர், நடுவே விரிசல், பெரியூட்டு வகையறாவைப் பிளந்துகொண்டு போனது. திரையைத் தள்ளிக் கட்டச் சொன்னேன்.

நாலு மணிக்கு அமுதா ஃபைல் அனுப்பினாள். கூட ஒரு வரி: "லேஅவுட் மட்டும்தான் மாத்தினேன். எண்ணு எதையும் தொடல. அது உங்களது."

வேறு ஒன்றும் எழுதவில்லை. நன்றி என்று அடித்தேன், அழித்தேன். சாப்பிட்டாயா என்று அடித்தேன், அழித்தேன். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வெட்கமாக உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கல்லூரியில் இனி எனக்கு என்ன வரப்போகிறது. ஜூனுக்கு முன்னால் இதற்கு ஒரு பதில் இருந்தது. ஆனால் ஓசூருக்குப் போனால், "தோத்துட்டு வந்துட்டான்" என்பார்கள். யார் என்பார்கள்? அண்ணன். எங்கள் வகையறா முருகேசன். து.த. இந்த மூன்று பேரையும் நான் மதிப்பதில்லை. இந்த மூன்று பேருக்காகவே இங்கே இருக்கிறேன்.

நாளைக்கு வெள்ளை வேட்டி. இஸ்திரி போட வேண்டும்.

ஆக. 24, ஞாயிறு. ஓசூர் பஸ் ஸ்டாண்டு

காற்று சில்லென்று. மேகம் தாழ்வாக. டீக்கடை ஓரம் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரைக்குக் கூட்டம். மண்டபம் நிறைய. கோயில் படம் வந்ததும் கைதட்டல். வேலைக் கணக்கு ஸ்லைடுக்குப் பெங்களூர்க்காரர் ஒருவர், "சூப்பரா இருக்குதே, யார் பண்ணது?" என்றார். அண்ணன் மைக்கில்: "நம்ம தம்பிதான். நான்தான் சொல்லிச் செய்ய வெச்சேன்."

பிறகு தூண்கள்.

முருகேசன் பின்வரிசை. சின்னூட்டுக்காரன், டிராக்டர் வைத்திருக்கிறான், எனக்கு இளையவன். பள்ளிக்கூட நாளிலிருந்து என் பகையாளி. எழுந்து நின்றான்.

"ஏனுங்க எம்.ஃபில்லு, எங்க தூணு மண்டைல மட்டும் என்னமோ புள்ளி வச்சு அஞ்சு போட்டிருக்குதே, என்னாது?"

"அரை."

"அரை மனுசன் யாருப்பா நம்ம வகையறாவுல?"

சிரிப்பு. எல்லோருக்கும் தெரியும், யார் என்று. தெரிந்துதான் சிரித்தார்கள். அண்ணன் மைக் வயரில் முடிச்சு இருக்கிறதா என்று ஆராய்ந்தார்.

திரையைப் பார்த்தேன். நேற்று முன்தினம் அந்த அம்பு நின்ற இடம்.

ஸ்லைடுக் காட்சியை நிறுத்தினேன். சார்ட்டைத் தொட்டு, பின்னால் இருக்கும் கட்டத்தாளைத் திறந்தேன். முழு மண்டபத்துக்கும் எதிரே அது பெரிதாக விரிந்தது. அம்பை 17.5 மேல் வைத்தேன். 18 என்று அடித்தேன்.

தூண் ஏறியது. கொஞ்சம்தான். ஆனால் அது அசைந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"டேய், என்னாடா பண்ற?"

"திருத்தறேண்ணா."

"யாரக் கேட்டு?"

"முழு வரி எழுதிக்குங்க. நானும் அமுதாவும் ஓசூர்ல ஒரே வூட்ல இருக்கறோம்."

"எப்ப இருந்து?"

"இன்னைல இருந்து."

பிறகு முருகேசன்தான்: "அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை எனக்கும் வந்துவிட்டது. நியாயமான கேள்வி. அவனிடமிருந்து வந்த முதல் நியாயமான கேள்வி.

உண்மை இல்லாத ஒரு எண்ணைப் பலர் பார்க்க எழுதியது இதுதான் முதல் தடவை. உண்மையாக்க வேண்டுமென்றால் இன்றே போக வேண்டும். பந்தியில் உட்காரவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு பையில் துணி, மாத்திரை, டிபன் கேரியர். தர்மபுரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஓசூர் வண்டி. கல்லூரிக்குச் செய்தி: ராஜினாமா என்று அடித்தேன், அழித்தேன், ஒரு வாரம் விடுப்பு என்று அனுப்பினேன். கிருஷ்ணகிரி தாண்டியதும் முதலில் அடித்ததையே மறுபடி அடித்து அனுப்பினேன். து.த. உடனே பதில் போட்டார்: "ஓகே சார்." இத்தனை வருஷத்துக்கு இரண்டு வார்த்தை.

இறங்கியதும் அமுதாவுக்குப் போன்.

"ஓசூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்."

"என்னாங்க, திடீர்னு? யாருக்காவது ஒடம்புக்கு முடியலையா?"

"இல்ல. சும்மாதான்."

"எத்தன நாளைக்கு?"

"கூட்டத்துல பதினெட்டுன்னு போட்டுட்டேன்."

பின்னால் பெங்களூர் வண்டிக்காரர் கத்திக்கொண்டிருந்தார். அவளுக்குக் கேட்டதோ என்னவோ. மறுபடி சொன்னேன்.

"கேட்டுச்சு," என்றாள். "என்னக் கேக்காமயா?"

"ஆமா."

"உங்கண்ணனும் என்னக் கேக்காமதான் அரைன்னு எழுதினாரு. நீங்களும் என்னக் கேக்காமதான் முழுசுன்னு எழுதியிருக்கீங்க."

வாஸ்தவம். பஸ்ஸில் வந்த நேரம் முழுக்க அண்ணனைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன், இது தோன்றவில்லை.

"இப்பக் கேக்கறேன்," என்றேன்.

அவள் பக்கம் ஏதோ கதவு திறக்கும் சத்தம். பிறகு:

"எந்தப் பக்கம் நிக்கறீங்க?"

"பெங்களூர் வண்டி நிக்கற எடம். டீக்கடை ஓரம்."

"அங்கயே இருங்க. நேர்ல வந்து சொல்றேன்."

வைத்துவிட்டாள். என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாது. டீ குடித்தேன், சர்க்கரை அதிகம். வருகிற ஒவ்வொரு ஆட்டோவையும் பார்க்கிறேன். நீலச்சேலை, அவள் இல்லை. ஒரு கல்யாணக் கூட்டம். பூக்காரி. குளிர் ஏறுகிறது, கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் என்றால் எழுத முடியாது, எழுதாவிட்டால் இருப்புக் கொள்ளவில்லை.

எதிரே ஒரு ஆட்டோ நிற்கிறது. இறங்கிச் சில்லறைக்காகக் காத்து நிற்கிறாள். அவள்தான். இரண்டு நிறச் சேலை. இன்னும் என்னைப் பார்க்கவில்லை. கையில் மடித்து எடுத்து வந்திருக்கிறாள், என் பழுப்பு ஸ்வெட்டர்